பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

ஆகஸ்ட் 5, திங்கள்

பியூலா மேடம் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். நோட்டை நானே கடைக்குப் போய் வாங்கினேன். நூறு பக்கம், கோடு போட்டது. கடைக்காரர், "பேரனுக்குங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பெண்ணுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

என் பெயர் ச. மருதாசலம். வயது ஐம்பத்தெட்டு. கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் இருந்து, டெஸ்பாட்ச் சூப்பர்வைசராகப் பிப்ரவரியில் ஓய்வு பெற்றேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆடிப் பதினெட்டு வருகிறது என்று என் மனைவி கருணாம்பாள் வீடு ஒழித்துக்கொண்டிருந்தாள். பரண்மேல் நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்து வைத்த அட்டைப்பெட்டி இருந்தது. அதை இறக்கித் துடைக்கப் போனாள். தொடாதே என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போல. பக்கத்து வீட்டு ராமாத்தாள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார். அதற்கு முந்தின வாரம் சிலிண்டர் போடுகிறவரைத் திட்டியது, அதற்கும் முன்னால் தண்ணீர் வண்டிக்காரரோடு சண்டை, எல்லாவற்றையும் என் மகள் பிரவீணா ஒன்றாகச் சேர்த்து டாக்டரிடம் ஒப்பித்தாள். பிரஷர் இருக்கிறது, மாத்திரை போதும் என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாடியில கவுன்சலிங் மேடம் இருக்காங்க, ஒரு தடவை பேசிப் பாருங்க" என்றார்.

பியூலா மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். பேசுவதைவிடத் தண்ணீர் குடிப்பதுதான் அதிகம். "தினமும் எழுதுங்க சார். நான் வாங்கிப் படிக்கமாட்டேன். சின்ன விஷயமானாலும் உண்மையா இருந்தாப் போதும்" என்றார்.

பேரன் விஷயம் பொய். மற்றதெல்லாம் உண்மை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கோபம் வரவில்லை. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கருணாம்பாளை வகுப்பில் விடப் போனேன். அவள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஐம்பது வயதில் எதற்கு என்று இரண்டு வருடத்துக்கு முன் கேட்டேன். "பிரவீணா சேத்தி விட்டுட்டாளுங், போயித்தான் பாக்கறனே" என்றாள். போய்த்தான் பார்க்கிறாள், ஒரு ஞாயிறு விடாமல்.

வகுப்பு நடக்கும் கல்லூரியில் எனக்கென்று ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. பேப்பர், தண்ணீர் பாட்டில், வெயில் வந்தால் நகர்ந்துகொள்ள ஒரு வேப்பமரம். உள்ளே ஒரு ஏட்டு, ஒரு கன்னியாஸ்திரி, ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற ஒரு பெண், இன்னும் முப்பது பேர். ஃபேன் ஓடுகிறதா என்று ஜன்னல் வழியே பார்த்தேன். ஓடியது. கருணாம்பாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணாக இருந்தபோதுகூட அவள் முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

திரும்பும்போது மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, "ஏனுங், புள்ளியியல்னு ஒண்ணு வந்திருக்குது. சராசரி வரைக்கும் புரியுதுங். அப்புறம் திட்ட விலக்கம்னு என்னத்தையோ சொல்றாங்க. நீங்க பி.ஏ. ஆச்சுங்களே, கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றாள்.

செயின் லூசாக இருக்கிறது, ஓட்டும்போது பேசாதே என்றேன்.

சிறிது நேரம் கழித்து அவளே, "நான் மக்குங். அந்தக் காலத்துலயே அஞ்சல்வழில போட்டு சீட்டு இல்லைன்னுட்டாங்களே. இப்ப மட்டும் மண்டைல ஏறீருமாக்கும்" என்று சிரித்தாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. சிங்காநல்லூர் சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோக்காரரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பாவம், சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

மேடத்திடம் இரண்டாவது முறை. இந்த வாரம் எப்போது கோபம் வந்தது என்று கேட்டார். ஆட்டோவைச் சொன்னேன். அதற்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது என்றார். செயின் லூஸ் என்றேன். தண்ணீர் குடித்தார். அதற்கும் முந்தின நிமிடம் என்றார்.

நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கால் மணி இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கருணாம்பாள் உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். தோசை மாவை எடுத்து வெளியே வைத்தேன். மோட்டார் போட்டேன். அவளுடைய புள்ளியியல் புத்தகம் மேசைமேல் கிடந்தது. பல்கலைக்கழகப் புத்தகமெல்லாம் அச்சு எப்படி இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தேன். அச்சு சுமார். மூன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சும்மாதான். மூன்றும் தப்பு.

நான்காவது சரியாக வந்தது. விடையை இரண்டு தடவை சரிபார்த்தேன். தண்ணீர்த்தொட்டி நிரம்பி வாசல்வரை ஓடியிருக்கிறது, ராமாத்தாள் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இரண்டாம் பாடம் முடிந்தது. அச்சு பரவாயில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

நல்ல மழை. பெஞ்சு நனைந்துவிட்டதால் வகுப்புக்குள் கடைசி வரிசையில் உட்கார விட்டார்கள். பாடம் எடுத்த பையன் (பேராசிரியர்தான், ஆனால் என் கண்ணுக்குப் பையன்) போர்டில் எழுதிவிட்டுக் கேட்டார்: "சராசரிதான் தெரிஞ்சுதே, அப்புறம் எதுக்குத் திட்ட விலக்கம்?"

ஏட்டு குனிந்து ஷூ லேஸைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"லாரி சராசரியாப் பத்து மணிக்கு வரும்னு சொன்னா எனக்குப் பிரயோசனம் இல்லைங். ஒரு டிரான்ஸ்போர்ட்டு லாரி ஒம்போதே முக்காலுக்கும் பத்தேகாலுக்கும் நடுவுல வந்துரும். இன்னொருத்தன் லாரி ஒரு நாள் ஏழு மணி, ஒரு நாள் மத்தியானம் ஒண்ணு. ரெண்டுக்கும் சராசரி பத்துதான். ஆனா லோடு ஏத்தற ஆளுகள எப்ப வரச் சொல்றதுன்னு மொதல் லாரிய வெச்சுத்தான் சொல்ல முடியும். எவ்வளவு முன்னே பின்னே ஆகுதுங்கறதுதானுங்க விஷயம்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பேராசிரியர், "இத்தனை வருஷத்துல நான் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல சார்" என்றார். மார்பு கொஞ்சம் விரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வருடம் இதை வைத்துத்தான் லோடு ஏற்றினேன், இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரியாமல்.

கருணாம்பாள் எழுந்து நின்றே விட்டாள். "என்ற வீட்டுக்காரருங் சார். அந்தக் காலத்து பி.ஏ." என்றாள்.

வண்டி நனைகிறது என்று சொல்லி வெளியே போய்விட்டேன். மழையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வண்டிக்கு என்ன, அது நனைந்தால் நனையட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பிரவீணாவின் கல்யாணம் கார்த்திகையில். மாப்பிள்ளை நல்ல பையன், அவளோடு வேலை செய்கிறவர். சம்பந்தி ரிட்டயர்டு தலைமையாசிரியர்.

கருணாம்பாளின் அண்ணன் செல்வராசு அழைப்பிதழின் மாதிரியை அச்சகத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடாவிட்டால் ஏதோ குறை மாதிரி. சம்பந்திக்கு எம்.ஏ., பி.எட். மாப்பிள்ளைக்கு ஒரு வரி நீளத்துக்கு இருக்கிறது. செல்வராசுக்கு பி.காம். எனக்கு: திரு. ச. மருதாசலம், பி.ஏ.

கருணாம்பாள் அந்த இடத்தில் விரலை வைத்து வாசித்தாள். அவள் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. "எனக்கு ரிசல்ட் வர மாசி பங்குனி ஆயிரும். பரவால்லைங், நம்ம ஊட்டுக்கு உங்களது ஒண்ணு இருக்குதல்ல" என்றாள்.

"வியாழக்கிழமைக்குள்ள திருத்தம் சொல்லீரோணும் மாப்ள. அப்புறம் ஆயிரம் காப்பி ஓட்டீருவான்" என்றார் செல்வராசு.

திருத்தம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

மேடத்திடம் நேரம் கேட்டு நானே போனேன். அழைப்பிதழ் மாதிரியை மேசைமேல் வைத்து, "இதுல ஒரு தப்பு இருக்குதுங்" என்றேன். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நான் பி.ஏ. இல்லை. ஒரு பேப்பர் நிற்கிறது. புள்ளியியல். மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது தடவை கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு அரை மணியில் எழுந்து வந்து, ரயில் நிலையத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். 1991இல் கல்யாணம் நிச்சயமானது. அப்பா பத்திரிகையில் பி.ஏ. போட்டுவிட்டார். "ஒரு பேப்பர் தானடா, அக்டோபர்ல எழுதிப்போடு. பத்திரிகைய திருப்பி அடிக்கவா முடியும்?" என்றார். அக்டோபரில் நான் எழுதவில்லை. அந்தப் பத்திரிகை கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"இவ்வளவுதானா சார்?" என்றார் மேடம்.

இவ்வளவுதான் என்றேன். அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த அறையில் கடிகாரம் வேறு சத்தமாக ஓடும்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் கருணாம்பாள் அஞ்சல்வழியில் பி.ஏ. படிக்க விண்ணப்பம் வாங்கி, அவளே பூர்த்தி செய்து, போட்டோ வைத்து, ஆபீஸ் போகிற வழியில் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் போடவில்லை. ஆபீஸ் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டாள். சீட்டு இல்லை என்று பதில் வந்துவிட்டது என்றேன்.

ஏன் என்று மேடம் கேட்டார். குழந்தை சின்னது, வீட்டு வேலை இருந்தது என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரவீணா பிறந்தது 97இல். விண்ணப்பம் 93. மேடம் கணக்குப் போட்டாரோ என்னவோ, நான் போட்டுவிட்டேன்.

அவள் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் பாஸாகியிருப்பாள். அதுதான் காரணம். எனக்கு அது அப்போதே தெரியும்.

அந்த விண்ணப்பம் இப்போது பரண்மேல், அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

செப்டம்பர் 11, புதன்

சொல்லவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கொடிக்கம்பி இழுத்துக் கட்டினேன். மொபெட்டைத் துடைத்தேன். "இன்னைக்கு என்னங், வேலை நெம்ப ஜோரா நடக்குது" என்றாள். சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காலை பத்து மணி. கருணாம்பாள் சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்து ஐந்தாறு வருடமாகிறது, முட்டி கத்தியது.

முதலில் பி.ஏ. விஷயம் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அட ராமா. இதுக்குத்தான் புஸ்தகத்தத் தூக்கீட்டு வந்தாலே செயின் லூஸு, செயின் லூஸுன்னு ஓடுனீங்ளா?" கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கேயே நிறுத்திக்கொண்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

பிரித்தாள். தாள் பழுத்திருந்தது. குண்டூசி துருப்பிடித்து போட்டோவின் நெற்றியில் கறை. இருபத்தொரு வயது. இரட்டை ஜடை போட்டுக்கொண்டு எடுத்தது. எழுத்தெல்லாம் மணிமணியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"அப்ப இது போவவே இல்லீங்ளா?"

இல்லை என்றேன்.

"சீட்டு இல்லைன்னு காயிதம் வந்துச்சுன்னீங்க."

வரவில்லை என்றேன். நீ பாஸாகிவிடுவாய் என்று பயந்தேன் என்றும் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ராமாத்தாளாவது கரண்டியோடு வந்திருப்பார். "முப்பது வருசமா நான் மக்குன்னு நெனச்சுட்டு இருந்தனுங்" என்றாள். அவ்வளவுதான். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இருக்கும். நான் மிச்சக் கீரையை உருவினேன்.

திரும்பி வந்து செல்வராசுக்குப் போன் போட்டாள். "அண்ணா, பத்திரிகைல ஒரு திருத்தம். இவுங்க பேருக்குப் பொறத்தால ஒண்ணும் போட வேண்டாம். காரணத்த அவுங்களே சொல்லுவாங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"மச்சான், நான் பி.ஏ. பாஸ் பண்ணலைங். ஒரு பேப்பர் நிக்குது" என்றேன். மேடத்திடம் சொன்னதைவிட இது எளிதாக இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் மாப்ள, எனக்கு ரெண்டு பேப்பர் நிக்குது. அப்ப என்றதையும் எடுக்கச் சொல்லீரட்டுமா?" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

வண்டியை எடுத்து வைத்திருந்தேன். அவள் பஸ்ஸில் போய்விட்டாள். என் சாப்பாடு மூடி வைத்திருந்தது. உப்புக் காரம் எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

"மன்னிப்பாளா மேடம்?" என்று கேட்டேன்.

"அது அவங்க பாக்க வேண்டிய வேலை சார். உங்க வேலை என்னன்னு யோசிச்சீங்களா?" என்றார்.

இதைச் சொல்ல ஒரு மேடம் வேண்டுமா என்று மாடிப்படி இறங்கும்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து நான்காம் பாடத்துக் கணக்கை எல்லாம் ஒரு தாளில் அவளுக்குப் புரிகிற மாதிரி லாரி, லோடு, ஆள்கணக்கு என்று மாற்றி எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

தாள் புத்தகத்தில் இல்லை. குப்பைக்கூடையிலும் இல்லை. பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காலை ஏழரைக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வண்டிய எடுங்க. பஸ்ல நின்னுட்டே போகோணுமாக்கும் நானு?" என்றாள்.

எடுத்தேன். ஒண்டிப்புதூர் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "எனக்கு ஆத்தரம் இன்னும் தீரலீங். இன்னைக்குத் தீரும் நாளைக்குத் தீரும்னு எதிர்பாக்க வேண்டாம். ஆனா நான் மக்கு இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அது நெம்ப சந்தோசமா இருக்குது. ரெண்டும் ஒண்ணா வருது, நான் என்ன பண்றது?"

எனக்கு முன்னால் ரோடு கலங்கியது. வண்டியை ஓரம் கட்டினேன்.

"செயின் லூஸுங்ளா?" என்றாள்.

இல்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

சம்பந்தி பத்திரிகை பார்த்துவிட்டுப் போன் செய்தார். "உங்க பக்கம் பெரியவங்க ஒருத்தருக்கும் பட்டம் காணோமே, பிரிண்டிங் மிஸ்டேக்குங்களா?" பிரவீணா பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவள் அம்மா சொல்லிப் பேசினாள்.

"இல்லைங். இது சரியாத்தான் இருக்குது. மிஸ்டேக்கு முப்பத்து மூணு வருசத்துக்கு முன்னாடி நடந்துதுங்" என்று ஆரம்பித்து, ஒரு பேப்பர் நிற்பதைச் சொன்னேன். தலைமையாசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தப் பேப்பர்?" என்றார். புள்ளியியல் என்றேன். "அது கஷ்டந்தானுங்" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

நேற்றுக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ரசம் மட்டும் உறைப்பு. பிரவீணா காரில் ஏறும்போது அழுதேன். மண்டபத்து வாசலில் எல்லோர் முன்னாலும்தான். பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 21, சனி

கருணாம்பாளுக்குப் புள்ளியியல் தேர்வு. பத்து மணிக்கு உள்ளே போனாள். முதல் அரை மணி எனக்குப் பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. யாராவது எழுந்து வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒரு மணிக்குக் கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தாள். ஏட்டிடம் வம்படித்துக்கொண்டே வந்தாள்.

"ஏழாவது கேள்விக்கு லாரியத்தான் நெனச்சுட்டு எழுதுனன்" என்றாள்.

வழியில் இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தோம். ஐஸ் வேண்டாம் என்று சொல்லியும் போட்டுவிட்டான். திட்டவில்லை.

மார்ச் 12, புதன்

பாஸ். எல்லாப் பேப்பரும். புள்ளியியலில் எழுபத்தொன்று.

செல்போனில் பார்த்துவிட்டு நேராக உள்ளே போய், பீரோவிலிருந்து அந்தப் பழைய விண்ணப்பத்தை எடுத்து வந்தாள். போட்டோவிலிருந்த இரட்டை ஜடையைக் கட்டைவிரலால் தடவினாள். "இந்தப் புள்ளைகிட்டச் சொல்லோணும்ங், நீ பாஸாயிட்ட அம்மிணின்னு" என்றாள்.

நானும் குனிந்து போட்டோவைப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. சொன்னேன். கருணாம்பாள் காதில் விழுந்தது. சாயங்காலம் அவளே போய் மைசூர்பாகு வாங்கி வந்து முதல் துண்டை என் கையில் வைத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

மேடம், இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றார். தினம் எழுத வேண்டும் என்றில்லையாம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நோட்டில் இன்னும் அறுபது பக்கம் கிடக்கிறது.

ஜூன் 14, சனி

நான் பி.ஏ. முதல் வருடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். பழைய பேப்பரை இப்போது எழுத முடியாது, விசாரித்துவிட்டேன். முதலிலிருந்துதான். 'கல்வித் தகுதி' என்ற இடத்தில் பிளஸ் டூ என்று எழுதினேன். அந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

கருணாம்பாள் எம்.ஏ.வுக்குப் போடுகிறாள். "இனி வகுப்புல எனக்கு நீங்க ஜூனியருங். பெஞ்சு தொடச்சு வெக்கோணும்" என்று காலையிலிருந்து நூறு தடவை சொல்லிவிட்டாள்.

எல்லாம் செல்போனிலேயே அனுப்பிவிடலாம் என்று பிரவீணா பெங்களூரிலிருந்து தலையால் அடித்துக்கொண்டாள். கருணாம்பாள் கேட்கவில்லை. "தாளுல எழுதித்தான் போடுவன்" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

காலையில் டிபனுக்கு முன்னால் கருணாம்பாள் தன் விண்ணப்பத்தைக் கவரில் போட்டு, பசை தடவி, அழுத்தி ஒட்டினாள். அவள் கொண்டுபோய்ப் போடுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேராக வந்து என் கையில் கொடுத்தாள்.

"போற வழில போஸ்ட் பண்ணீருங்" என்றாள். மிக்ஸியில் சட்னி போட்டிருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். வாசல்வரை வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கவர் சட்டைப்பையில், அவளுடையது கையில். நடந்தே போனேன். தபால் நிலையத்தில் வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்றவர் ராக்கெட் விடுகிற மாதிரி ஒரு பார்சலுக்கு ஆயிரம் சந்தேகம் கேட்டார். கோபம் வரவில்லை. கவரில் அவளுடைய எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு இருந்த அதே மணிமணியான எழுத்து, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அவளுடையதைக் கொடுத்தேன். அந்த அம்மா எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, முத்திரை குத்திப் பின்னாலிருந்த சாக்குப்பையில் போட்டார். உள்ளே விழுகிறவரைக்கும் பார்த்தேன். பிறகுதான் என்னுடையதை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, போட்டாயிற்று என்றேன். "சரீங், இட்லி எடுத்து வெக்கட்டுங்ளா?" என்றாள்.

ரசீதைக் கேட்கவே இல்லை. அதை இந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.